வாயை மறைத்துச் சொன்னது

“வாயை மறைச்சுக்கோ வீப்ரென். உதட்டைப் பாத்துட்டு நான் சொன்னா, அது காது கேட்டதா ஆகுமா?” என்றாள் மார்லூஸ்.

வீப்ரென் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஹார்லிங்கன் ஊர்க் கால்வாயில் படகு வரும்போது பாலத்தைத் தூக்கிவிடுகிற வேலை அவனுக்கு. காது கேளாத பக்கத்து வீட்டு மார்லூஸுக்கு, ஒலியைக் கேட்க வைக்கும் காக்ளியர் கருவியை அறுவை செய்து பொருத்தியதிலிருந்து, வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவான். அவன் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்; அவள் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் பேசக் கூடாது. பிழையில்லாமல் சொன்னால் அவன் “சரி” என்பான். மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்த பயிற்சி அது.

ஆரம்பத்தில் ஒரே கூத்துதான். “பாலத்தைத் தூக்கிட்டாங்க, படகு போகுது” என்று இவன் சொன்னால், “பாலைத் தூக்கிட்டாங்க, பசு போகுது” என்பாள் அவள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இப்போதெல்லாம் அவள் தப்பே பண்ணுவதில்லை. அதில் அவனுக்குச் சந்தோஷம்தான், கூடவே ஒரு கவலையும். நாளைக்கு மருத்துவமனையில் சோதனை. தேறிவிட்டால் பயிற்சி முடிந்தது. அப்புறம் எந்தச் சாக்கில் இந்த வீட்டுக்கு வருவது?

அவளும் தனி ஆள், இவனும் தனி ஆள். அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று பல வருஷமாக இவன் தொண்டையிலேயே நிற்கிறது. எப்படிக் கேட்பான்? காது கேளாமல் போன நாளிலிருந்தே, யார் பேசினாலும் உதட்டையே உற்றுப் பார்த்துப் பழகியவள் அவள். அந்தப் பார்வைக்கு முன்னால் பாவம், இவனுக்கு நாக்கே எழாது. செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தால் ஒருவேளை முடியும். அவளுக்கு விளங்காமல் போனாலும் நஷ்டமில்லை.

“பட்டாணி சூப்ல இன்னிக்கு உப்பு தூக்கல்.”

அப்படியே திருப்பிச் சொன்னாள்.

“சரி” என்றான். மழையைப் பற்றி ஒன்று சொன்னான். அதையும் சொன்னாள். அதற்கும் ஒரு “சரி” போட்டான்.

தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான்.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

பிறகு ஓர் எழுத்துப் பிசகாமல், சூப்பையும் மழையையும் சொன்ன அதே குரலில் மார்லூஸ் சொன்னாள்.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

போச்சு. இதையும் பாடமாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வீப்ரெனுக்கு இருந்த கொஞ்ச தைரியமும் வடிந்துபோனது. பழக்க தோஷத்தில் வாய் மட்டும் தானாக “சரி” என்றது. பெருமூச்சு விட்டு, அடுத்த வாக்கியத்துக்காகத் தாளில் தேடினான்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மார்லூஸ் எழுந்து வந்து அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கி மடித்தாள். அவள் முகமெல்லாம் சிவந்திருந்தது.

“அதை நான் ஒண்ணும் திருப்பிச் சொல்லலை. உன்கிட்ட கேட்டேன். நீயும் சரின்னுட்ட.”