மாப்பிள்ளைக்குப் பிடித்தது

வைன் ருசிபார்க்க வரச்சொல்லி எல்கடுவ பங்களா ஹோட்டலிலிருந்து மதுரா கூப்பிட்டதும், அவளுக்கு இன்னும் தன்மேல் ஆசை போகவில்லை என்றே உமாசுதன் நினைத்தான். "ஹோட்டல்ல குடி ஊத்திக் குடுக்கிறவ எங்க சைவக் குடும்பத்துக்கு ஆகாது" என்று போன வருஷம் அவளை உதறிவிட்டவன் அவன்தான்.

மதுரா இத்தாலியச் சிவப்பு வைனை ஊற்றினாள். அவன் கிளாஸைச் சுழற்றி முகர்ந்து, நாக்கில் உருட்டி விழுங்கினான்.

"எப்படி இருக்கு?"

"நல்ல துவர்ப்பு. கொழுப்போட கறி சேர்ந்தா அடங்கிரும்."

"கோழி?"

"கோழி தாங்காது. பன்னிக்கறிதான். மிளகு தூக்கலா, கறுப்பா வறுக்கணும்."

"ரொம்பப் பழக்கம் போல?"

"வாராவாரம். வீட்டுக்குத்தான் தெரியாது" என்று கண்ணடித்தான்.

மதுரா சிரித்துக்கொண்டே அவனுக்குப் பின்னாலிருந்த பிரம்புத் தட்டியை விலக்கினாள். மதுவும் மச்சமாமிசமும் தொடாத பையன் என்று நம்பி, அடுத்த மாதம் அவனுக்கு மகளைக் கொடுக்க இருந்த மகாலிங்கம், நெற்றி நிறையத் திருநீற்றோடு அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பிளேன்டீ ஆறிக் கிடந்தது.

"இங்க வைக்கப்போற கல்யாண விருந்துக்கு மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு கேட்டுச் சொல்லச் சொன்னீங்களே, ஐயா" என்றாள் மதுரா. "பாயசத்தோட இதையும் சேர்த்துக்கவா?"