ஏழு விநாடிக் கையிருப்பு

அந்த அம்மா பேச வாயைத் திறக்கும்போதே என் விரல் பொத்தான் மேல் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் அறிவிப்பாளரும். இந்தப் பக்கம் நான், என் நாற்காலிக்குப் பின்னால் உட்காராமல் நின்றுகொண்டிருந்த நிலைய இயக்குநர். நாட்டை ஆண்ட தலைவர் இறந்த நான்காம் நாள், காலை பதினோரு மணி, வானொலியில் நேரலை அஞ்சலி. பேச வந்திருப்பவர் தலைவரின் மனைவி.

நேரலை என்று பெயர்தான். உண்மையில் ஊர் கேட்பது ஏழு விநாடி பழசு. யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் நான் பொத்தானை அழுத்துவேன். இயந்திரத்தின் கையிருப்பில் இருக்கும் ஏழு விநாடிப் பேச்சு அப்படியே காணாமல் போகும்.

"எக்குத்தப்பா ஏதாவது வந்தா யோசிக்காதே, அழுத்திடு" என்று இயக்குநர் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

அவர் பயம் அவர் வேலைக்காக. என் பயம் என் அக்காவுக்காக.

மனைவியை அடிப்பவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் தலைவர். வக்கீல் பாஷைக்கு நடுவே, வீட்டில் பேசுகிற மாதிரி அதில் ஒரு வரி உண்டு: 'காயம் வெளியே தெரியாவிட்டாலும் அடி அடிதான்.' தலைவரின் மனசிலிருந்து வந்த வரி என்று ஊரே கொண்டாடியது. அந்த வரியால்தான் அக்காவின் கணவன் உள்ளே இருக்கிறான். வெளியே தெரியாமல் அடிப்பதில் அவன் கெட்டிக்காரன்.

ஆனால் அது அவசரச் சட்டம். மதியம் மூன்று மணிக்கு அவையில் வாக்கெடுப்பு. தோற்றால் இன்றோடு சரி, அவன் வெளியே வந்துவிடுவான். இத்தனை நாள் எதிர்த்தவர்கள்கூட, இறந்தவருக்கு மரியாதை என்று கை தூக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அந்த மரியாதை மூன்று மணி வரை தாங்க வேண்டும்.

தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். போன வருடம் தலைவரோடு இந்த அம்மாவும் ஒரு பேட்டிக்கு வந்திருந்தார். கழுத்தோரம் மைக்கைப் பொருத்தக் கையை நீட்டினேன். சட்டென்று தோளைச் சுருக்கிக்கொண்டார். அக்கா ஆறு வருடம் அப்படித்தான் சுருங்கினாள். தலைவர் சிரித்தபடி, "அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்றார்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இவ்வளவு நல்லது செய்தவரின் வீட்டுக்குள் நாம் ஏன் எட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடுதான்.

அறிவிப்பாளர் குரலைக் குழைத்தார். "வீட்டுல ஐயா எப்படிம்மா?"

கேட்கக் கூடாத கேள்வியைத் தேடிப்பிடித்துக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அம்மா மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு, "அவரோட கை இருக்கே..." என்று ஆரம்பித்தார்.

அழுத்திவிட்டேன்.

"...எப்பவும் சில்லுனு இருக்கும். வெயில் காலத்துலகூட" என்று முடித்தார்.

இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். கேட்டவர்களுக்கு எது சில்லென்று இருக்கும் என்றே புரிந்திருக்காது. அதுகூடப் பரவாயில்லை. கையிருப்பு காலி. ஒலிப்பதிவு அறையின் சுவரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. இயந்திரம் மறுபடி ஏழு விநாடி சேர்க்க இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை அம்மா எதைச் சொன்னாலும் நேராக நாடு முழுக்கப் போகும்.

அம்மா நிமிர்ந்து அந்த விளக்கைப் பார்த்தார். அது எதற்கு என்று உள்ளே வரும்போதே கேட்டிருந்தார். பெரியவர் கேட்கிறாரே என்று நானும் விலாவாரியாகச் சொல்லித் தொலைத்திருந்தேன்.

அம்மா தலைவரின் சர்க்கரை நோயைப் பற்றிச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் தினமும் தொலைப்பார் என்றார். விடியற்காலை நடையைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் வீட்டுச் சமையலறையில் அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பச்சை எரிந்தது.

அம்மா அறிவிப்பாளரை விட்டுவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அடி அடிதான்னு சட்டத்துல ஒரு வரி வருதே, அது அவர் மேல நான் எழுதின புகார்ல இருந்த வரி."

அறிவிப்பாளரின் முகம் வெளுத்தது. எனக்கு நான்கு விநாடி மிச்சம் இருந்தது. அந்த வரி யாருடையது என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு விநாடி நினைத்தேன். மற்ற மூன்றும் அக்காவுக்குப் போயின.

அழுத்தினேன்.

மறுபடி சிவப்பு. அதையே இன்னொரு முறை அவர் சொல்லியிருந்தால் எவராலும் தடுத்திருக்க முடியாது.

"அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

வெளியே நடைவழியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவரே பக்கத்தில் வந்தார்.

"பச்சை வரட்டும்னுதான்மா காத்திருந்தேன். அந்தச் சட்டம் எனக்கும் வேணும். ஆனா ஒருத்தருக்காவது தெரியணும்னு இருந்தது. மூணு மணி தாண்டட்டும், எப்ப வேணா கூப்பிடு. வந்து மறுபடி சொல்றேன்."

மூன்று மணிக்குச் சட்டம் நிறைவேறியது. எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. சட்டத்துக்குத் தலைவரின் பெயரையே வைத்தார்கள். அக்கா எங்கள் கூடத்தில் அவர் படத்தை மாட்டி, தினமும் துடைத்து வைக்கிறாள்.

பதினோரு மாதம் ஆகிறது. அந்த அம்மாவை நான் இன்னும் கூப்பிடவில்லை.