பர்மிட் டயர்

“இன்னா ஜேக்கப்பு, டயருக்குள்ள வலையத் திணிச்சிகினு கீறே? மீன் புடிக்கப் போறியா?”

மீன் கூடையோடு வாசலில் நின்று சிரித்தாள் கெங்கம்மா.

ஜேக்கப் நிமிரவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, மொட்டையாகத் தேய்ந்த டயருக்குள் கிழிந்த மீன்வலையை அடைத்துக்கொண்டிருந்தான். யுத்த காலம். ராயபுரத்தில் டியூப் கிடைக்காதவன் இப்படித்தான் வண்டி ஓட்டினான். இடுப்பு கழன்றுவிடும், ஆனாலும் சக்கரம் உருளும்.

“அய்யய்ய, முந்தாநேத்துதான உனக்குப் புது டயரும் டியூபும் வந்துச்சி? தெருவே தொட்டுப் பார்த்துச்சே! அது எங்க?”

ஜேக்கப் வலையை இன்னும் அழுத்தித் திணித்தான்.

சும்மாவா வந்தது அந்த டயர்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டியவன் என்று நடையாய் நடந்து வாங்கிய சர்க்கார் பர்மிட்டில் வந்தது. அதைக் காணோம் என்றால் ஊர் என்ன நினைக்கும்? கறுப்பு மார்க்கெட் என்றுதான் நினைக்கும். கெங்கம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததைத் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கம்பவுண்டர் சண்முகவேல் தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். திருநெல்வேலிக்காரர். எண்ணூர் குப்பத்தில் காலரா கண்டதிலிருந்து தினமும் மருந்துப் பெட்டியோடு போய் வருகிறார். காசு வாங்குவதில்லை. அடுத்தவனிடம் ஓசியில் ஒரு வெற்றிலை வாங்கிப் போடாத மனுஷர். கோபம் மட்டும் மூக்கு நுனியில்.

“ஏ ஜேக்கப்பு, கேள்விப்பட்டது நெசமா? எனக்குப் பர்மிட் கெடயாதுன்னு கையை விரிச்சுட்டாங்க. உனக்குக் கெடச்சதை நீ வித்துத் தின்னுட்டியோ?”

“ஆமா அண்ணாச்சி. வித்துட்டேன்.”

உள்ளேயிருந்து அவன் மனைவி ஆலிஸ் ஓடி வந்தாள்.

“இன்னாய்யா சொல்றே? எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே! ஞாயித்துக்கெழமை எந்த மூஞ்ச வெச்சிகினு நான் கோயிலுக்குப் போவேன்?”

“சாயங்காலம் நான் திரும்பி வரதுக்குள்ள அந்த டயரு இங்க இருக்கணும்” என்றார் சண்முகவேல். “இல்லன்னா பர்மிட் ஆபீஸ்ல நானே போய்ச் சொல்லிருவேன். வேலையும் போவும், ஜெயிலுக்கும் போவே.”

“சொல்லுங்க அண்ணாச்சி. மொதல்ல எண்ணூருக்குக் கெளம்புங்க. ஜனம் காத்துகினு இருக்கும்.”

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

“நேத்து நீ ஒட்டிக் குடுத்த பஞ்சரு நல்லாத்தான் நிக்கி. கைவேலை இருந்து என்னத்துக்கு? புத்தி கெட்டுப் போச்சே!”

வண்டி போய்விட்டது. ஆலிஸ் அழுதுகொண்டே தலை குனிந்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

ஈர மணலில் அவருடைய பின்சக்கரம் போன வழியெல்லாம் கட்டம் கட்டமாக, ஆழமாக, புத்தம்புது டயரின் அச்சு.

“யோவ்... அது நம்ம...”

“கம்னு இரு. பஞ்சர் ஒட்டச் சொல்லி சக்கரத்தை வுட்டுட்டுப் போனாரு. பார்த்தா அவரு டயரு நார்நாராப் பிஞ்சி கெடந்துச்சி. நடுவழியில வெடிச்சா அந்தக் குப்பத்துக்கு யாரு மருந்து குடுப்பா? நீட்னா வாங்கற ஆளா அவரு? அதான் நம்மளத மாட்டி, மேல சேத்தைப் பூசிக் குடுத்துட்டேன்.”

“அவரே போய் உன்னைப் புடிச்சிக் குடுக்கப் போறாரே!”

“குடுக்கட்டுமே. இப்ப சொன்னா இந்த நிமிசமே கழட்டி வெச்சிட்டு நடந்து போவாரு. காலரா அடங்கட்டும், அப்பால சொல்லிக்கலாம்.”

தெருமுனையில் பேச்சுக்குரல் கேட்டது. ஜேக்கப் பதறி எழுந்து, மணலில் இருந்த அச்சைக் காலால் அழிக்க ஆரம்பித்தான்.

“தள்ளு. நீ போய் வலைய அடை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆலிஸ், துடைப்பத்தை எடுத்து, சண்முகவேல் போன வழியெல்லாம் பெருக்கிக்கொண்டே போனாள்.