பைலட் போட்ட சத்தம்

“இது மூணாவது புகாரும்மா” என்று வீட்டுக்காரர் காகிதத்தை நீட்டினார். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

லென்ஸக்கா வாங்கிப் படித்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் லென்ஸக்காதான்.

‘பக்கத்து வீட்டு மைனா கத்துவதால் எனக்குத் தூக்கமே இல்லை. அந்தப் பெண்ணை உடனே கீழ்வீட்டுக்கு மாற்றவும். இல்லாவிட்டால் நான் காலி செய்வேன்.’

“நீங்களே பாருங்க சார், இதுவா கத்துது?”

மைனா ஜன்னல் கம்பியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கடை மின்விசிறியில் அடிபட்டு வலது இறக்கை போன ஜீவன். பறக்க முடியாத அதற்கு ‘பைலட்’ என்று பெயர் வைத்ததும் இவள்தான். போலியோ வந்த காலில் இரும்புப் பட்டை, கக்கத்தில் ஊன்றுகோல் என்று நடக்கிறவளுக்கு அந்தக் கிண்டலைச் செய்ய முழு உரிமை உண்டு.

“காலையில ஒரு விசில் அடிக்கும். அதோட சரி. அந்த மனுஷன் வந்து மூணு மாசம்கூட ஆகல. என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. படியில பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு. எழுத்துல மட்டும் வீராப்பு!”

“நானே அவரைப் பார்த்ததில்லம்மா. அவர் மகன்தான் வந்து வீடு பேசினான். புகாரெல்லாம் என் தபால்பெட்டியில வந்து விழுது.” வீட்டுக்காரர் குரலைத் தணித்தார். “பேசாம அதை யார்கிட்டயாவது குடுத்துடேன்.”

கடையிலிருந்து வந்தால் அவள் பேச்சுக்குத் தலையாட்ட வீட்டில் இருப்பது அது ஒன்றுதான்.

“அது போனா நானும் போறேன் சார்.”

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். ஏழு வருடத்தில் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காத குடித்தனம். விடவும் மனசில்லை.

“சரி, கீழ்வீட்டையே எடுத்துக்கோ. பெயிண்ட் டப்பாவை எல்லாம் வேற எங்கயாவது போட்டுக்கறேன்.”

போன வருடம் இவளே வாய்விட்டுக் கேட்ட வீடுதான் அது. நாற்பத்தெட்டுப் படியையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவாள். அப்போது மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. இப்போது கிடைத்தும் சந்தோஷப்படத் தோன்றவில்லை. விரட்டிவிட்ட மாதிரிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் அவளோடு வேலை செய்கிறவர்கள் வந்து சாமான்களை இறக்கினார்கள். கடைசியாக பைலட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு லென்ஸக்கா பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் இறங்குவதாக இல்லை.

கதவு திறந்திருந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“இப்ப சந்தோஷமா சார்? இனிமே நல்லா காலை நீட்டித் தூங்குங்க!”

அவர் திரும்பவில்லை.

“உங்களைத்தான்! ஒரு வாயில்லா ஜீவன் மேல போய் புகார் பண்ணினீங்களே, திரும்பிப் பார்க்கக்கூட முடியலையா?”

அவள் போட்ட சத்தத்தில் பைலட் மிரண்டு கிறீச்சென்று கத்தியது. மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். அப்போதும் அவர் தலை அசையவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். மகள் வீட்டிலிருந்து முந்தின நாள்தான் வந்திறங்கிய அவருடைய மனைவி. ஊன்றுகோலையும் மைனாவையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“நீதானாம்மா அது? தப்பா நினைச்சுக்காதே, அவருக்கு ரெண்டு காதும் சுத்தமா கேக்காது. ‘அந்தப் பொண்ணு உக்காந்து உக்காந்து படியேறுறதைப் பார்க்க முடியல’ன்னு எனக்கும்தான் லெட்டர் லெட்டரா எழுதிக்கிட்டு இருந்தாரு!”