கடிக்காத பூட்ஸ்

"மட்லைனா, கடைசியில கிடைச்சிடுச்சு! சுண்டுவிரல் புடைப்புக்குக்கூட உள்ள பள்ளம் இருக்கு. எனக்குன்னே வார்த்த மாதிரி!"

பழைய பனிச்சறுக்குச் சாமான் சந்தையிலிருந்து வந்த ஃப்ளூரின், ஸ்னோபோர்டுக்கான கெட்டி பூட்ஸை மேசைமேல் வைத்தான்.

கம்பளி நூலில் பின்னிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "கடிக்கலையா?"

"துளிகூட இல்ல. பழசு பத்து வருஷமா உயிரை எடுத்துச்சே!"

"அதனாலதான் அதோட ஸ்டிக்கரையெல்லாம் சுரண்டி, கழுவி, காலையில அதே சந்தையில கொடுத்துட்டு வந்தேன்."

ஃப்ளூரின் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தான். அவனுடையதேதான்.

"அப்போ இன்னிக்கு மட்டும் ஏன் கடிக்கல?"

"எந்த சாக்ஸோட போட்டுப் பார்த்தே?"

"அங்க கொடுத்த மெல்லிசு..." அவன் பார்வை அவள் கையிலிருந்த பாதி பின்னிய சாக்ஸுக்குப் போனது.

பத்து வருடமும் அவன் போட்டது அவள் பின்னிய தடித்த கம்பளி சாக்ஸ். மட்லைனா கையிலிருந்ததைப் பிரிக்கத் தொடங்கினாள்.