சுமந்த கழுத்து

"வேலை செய்ய இஷ்டமில்லைன்னா வீட்டுல இரு. ஆஸ்பத்திரிப் படத்தைக் காட்டி மத்தவங்களைக் கெடுக்காதே" என்றார் மேஸ்திரி ரெந்தின்.

சுக்கர்னி நகரவில்லை.

பாலித் தீவில், உபுத் பக்கம் எழும்பும் மூன்று மாடி விடுதி அது. மணலைச் சட்டியில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்து, சாரத்துப் பலகை வழியே மேலே ஏற்றுவது பதினொரு பெண்களின் வேலை. அவர்களில் சுக்கர்னிக்கு வாய் நீளம். குடிதண்ணீர், கழிப்பறை என்று எதற்கும் முதல் ஆளாக வந்து நிற்பாள். மேஸ்திரியின் மனைவி வார்த்தினியும் அங்கேதான் சுமந்தாள். அவள் வாயே திறக்கமாட்டாள்.

சுக்கர்னி உறையிலிருந்து படத்தை உருவி வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

"சாதாரண ஸ்கேன்ல எலும்புத் தேய்மானம்னு மட்டும்தான் வந்துச்சு. தென்பசார் டாக்டருக்கு மனசு ஒப்பல. புது மாதிரி எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னாரு. முக்கால் மணி நேரம் அசையாம படுத்து எடுத்த படம் மேஸ்திரி. தண்டுவடத்துல ஓடுற நரம்பை இழை இழையா கலர்ல காட்டுது. இங்க பாருங்க, கழுத்துகிட்ட கலரே காணோம்."

"அதுக்கு?"

"இழை நைஞ்சு போச்சாம். இன்னும் சுமந்தா கையும் காலும் விழுந்துடுமாம். இருபது வருஷமா மணல் ஏத்துன கழுத்து. மோட்டார் வச்ச கப்பி ஒண்ணு போடுங்க. மணல் அதுல ஏறட்டும்."

ரெந்தின் படத்தை வாங்கி, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, சிமெண்ட் மூட்டை மேல் வீசினார். தன் அம்மா இதே வேலையைச் செய்துதான் தன்னை வளர்த்தாள், அவளுக்கு வராத நரம்பு வியாதி இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எல்லாம் உட்கார்ந்து சம்பளம் வாங்கப் போடுகிற நடிப்பு என்றார்.

"கழுத்து கெட்டவளுக்கு இங்க வேலை இல்ல. நாளையிலேர்ந்து வராதே."

வார்த்தினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுக்கர்னி அவள் பக்கம் சட்டென்று திரும்பினாள்.

"நீ சும்மா இரு. மேஸ்திரி பொண்டாட்டி எனக்குப் பரிஞ்சு பேச வேண்டாம்."

பிறகு ரெந்தினிடம், "நான் வரல. ஆனா கப்பி வர்ற வரைக்கும் இங்க ஒரு தலையிலயும் மணல் ஏறாது" என்றாள்.

சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே போய் ரோட்டோரம் உட்கார்ந்தாள். சட்டிகளைக் கவிழ்த்துவிட்டு ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். கடைசியாக வார்த்தினியும் போனாள்.

"நீயுமா?" என்றார் ரெந்தின். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கொத்தனார்கள் மேலே வெறுமனே உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். ரெந்தின் பக்கத்து ஊரிலிருந்து வேறு பெண்களைக் கூட்டி வந்தார். கேட்டருகே சுக்கர்னி அவர்களிடம் என்ன சொன்னாளோ, வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காண்டிராக்டரே லாரியில் கப்பியும் மோட்டாரும் கொண்டுவந்து இறக்கினார்.

பத்துப் பேரும் வேலைக்கு வந்தார்கள். கீழே அள்ளிப் போட்டால் போதும், மணல் கம்பிக் கயிற்றில் ஏறியது. மேஸ்திரி ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சுக்கர்னியைச் சேர்க்கவே முடியாது என்றார். அவளும் கெஞ்சவில்லை. வெளியே நின்று முதல் வாளி மேலே போய்ச் சேரும்வரை பார்த்துவிட்டு, தலை நிமிர்ந்து நடந்தாள்.

அன்று சாயங்காலம் ரெந்தின் அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்து வந்தார்.

"சண்டை போட்ட வேகத்துல உன் தலைவி இதைக்கூட எடுத்துட்டுப் போகல. இந்தக் கழுத்தை வச்சுக்கிட்டு இனி எங்க போய் வேலை கேப்பா?"

வார்த்தினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மூலையில பேர் போட்டிருக்கு. படிங்க பிளி" என்றாள், கணவனைக் கூப்பிடும் பாலி வார்த்தையில்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மறுபடியும் படித்தார். அவர் கை மெல்லத் தாழ்ந்தது.

"உங்ககிட்ட சொல்லியிருந்தா நடிப்புன்னுதான் சொல்லியிருப்பீங்க. அதான் அவ என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. உனக்கு வேலை போனா இன்ஷூரன்ஸ் அட்டையும் போயிடும், ஆபரேஷன் முடியற வரைக்கும் மூச்சு விடாதேன்னா."

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள்:

"கழுத்து என்னோடது. வேலை போனதுதான் அவளோடது."