மூலைக் கடல் மிருகம்

பூங்கோதை வரைந்த கற்பனை உலகம் அன்று காலையில்தான் திறந்தது. படத்தை ஆளுயரப் பெட்டியில் செருகிக் கதவைத் திறந்து நுழைந்தால், அதில் இருப்பதெல்லாம் உள்ளே உயிரோடு இருக்கும். சுற்றுலாக்காரர்களை விடுவதற்கு முன்னால் ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும். அந்த வேலை அவள் புருஷன் தளவாய்க்கு.

மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று முறுக்குப் பொட்டலத்தோடு போனவன், பொழுது சாய்ந்தும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த மிருகம் நினைவுக்கு வந்தது. படத்தின் மூலையில் கடல் வெறிச்சென்று கிடக்கிறதே என்று, வெறும் அழகுக்காக, தீவு பெரிசுக்கு ஒன்றை வரைந்து வாயைப் பிளக்க விட்டிருந்தாள். இப்போது அழிக்கவும் வழியில்லை. போன ஆள் திரும்பும்வரை படம் பெட்டியைவிட்டு வெளியே வராது.

"என் கை சும்மா கிடந்திருக்கக் கூடாதா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பெட்டியின் கதவு திறந்தது. தளவாய் சொட்டச் சொட்ட நின்றான்.

"ஏங்க, அது உங்கள ஒண்ணும் பண்ணலையா?"

"பண்ணாம என்ன? படகோட சேத்து வாயில போட்டுக் குதப்பிப் பாத்துட்டுத் துப்பிருச்சு. பாவம்டி, அதுக்கு ஒரு பல்லுகூட இல்ல. பசியில கெடந்துச்சு. முறுக்க ஊறவச்சு ஊட்டிட்டு வர்றேன், அதான் லேட்டு."

பல்லை நாளைக்கு வரைந்துகொள்ளலாம் என்று சோம்பல்பட்டு எழுந்துபோனது அவள்தான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பெட்டி படத்தை வெளியே தள்ளியதும் பேனாவை எடுத்தாள். பல் போடவில்லை. மிருகத்தின் வாய்க்கு எட்டுகிற தூரத்தில் ஒரு தீவு போட்டு, அது நிறைய வாழைத்தார்களைத் தொங்கவிட்டாள்.